பக்கத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க?

திருகோணமலையில் எழுத்து வேலைக்காகப் புதிதாக ஒருவர் போன் எடுத்தால், வணக்கத்துக்கு அடுத்த வசனம் பெரும்பாலும் இதுதான். என்ன எழுத்து, யார் வாசிக்கப் போகிறார்கள், எப்போது வேண்டும் என்ற எதுவும் வராது. நேரே விலை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் டைப்செட்டிங் செய்யும் கடைகளில் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் காலங்காலமாகக் கணக்கு. எழுத்து சம்பந்தமாக ஊர்ச்சனம் காசு கொடுத்துப் பழகிய ஒரே இடம் அதுதான். ஆகவே இந்தத் தொழிலில் எனக்குப் போட்டி இன்னொரு எடிட்டர் இல்லை, அந்தக் கடையின் பக்க விலை.

நான் செய்வது கலப்படமான வேலை. தொண்டு நிறுவன அறிக்கைகள், உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு இணையத்தள எழுத்து, பாடசாலை ஆண்டு மலர், இறந்தவர்களுக்கான 31ஆம் நாள் நினைவு மலர், ஓய்வுபெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள், இடையில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்துக்கு நிறைய நிறுவனங்கள் வந்தன, அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு மேசையும் மாதச் சம்பளமும் கிடைத்தன. செயற்றிட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தபோது மேசை போனது, வேலை மட்டும் துண்டு துண்டாக வீட்டுக்கு வரத் தொடங்கியது. என்னைப்போல இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்பதும் விலையைப் பற்றித்தான். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

போனில் விலை சொல்வதில்லை. "நடுவிலயிருந்து நாலு பக்கம் அனுப்புங்க, பார்த்திட்டு நாளைக்குச் சொல்றன்" என்பதே என் பதில். நடுவிலிருந்து என்பதை அழுத்திச் சொல்வேன். முதல் அத்தியாயத்தை எழுதியவரே பத்துத் தடவை திருத்தியிருப்பார், மருமகள் ஒரு தடவை பார்த்திருப்பாள், தமிழ் படிப்பித்த யாரோ ஒரு ஐயாவிடமும் காட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து விலை சொன்னால் ஐந்தாம் அத்தியாயத்தில் மூச்சு வாங்கும்.

வந்த பக்கங்களில் ஆயிரம் சொல்லை எடுத்து, போனில் மணி வைத்துவிட்டு உண்மையாகவே திருத்துவேன். ஒரு மணித்தியாலமா, இரண்டா என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்குக் காசு வாங்குவதில்லை. திருத்தியதில் ஒரு பக்கத்தை, ஏறக்குறைய முந்நூறு சொல், அவருக்கே அனுப்பிவிடுவேன். அதைப் பார்த்தவுடன் பாதிப் பேருக்கு டைப்செட்டிங் கடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விளங்கிவிடும். நான் வாயால் விளக்கவேண்டிய தேவை குறைகிறது. ஆனால் "சாம்பிளுக்கு முதல் அத்தியாயம் முழுக்கச் செய்து காட்டுங்க" என்று கேட்டால் அது சாம்பிள் இல்லை, வேலை. வேலைக்கு விலை உண்டு.

பக்கக் கணக்கை நான் ஏற்பதில்லை. பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கொப்பித் தாளில் பேனாவால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார். இன்னொருவர் ஏ4 தாளில் பத்துப் புள்ளி எழுத்தில் இடைவெளியில்லாமல் நெருக்கி அடித்திருப்பார். இரண்டும் அவர்களுக்கு ஒரு பக்கம். சொல் எண்ணிக்கையில் அந்தச் சண்டை இல்லை. மொழிபெயர்ப்பென்றால் மூலத்திலுள்ள சொற்களையே எண்ணுவேன். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருந்தால் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதுக்குள் முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணி வாங்குபவருக்கு உழைப்பில் கால்வாசி காற்றில் போகும். அதோடு, மூலத்தை எண்ணினால் மொத்தத் தொகை தொடங்குவதற்கு முன்பே இரண்டு பேருக்கும் தெரியும்.

இனி எழுத்துருப் பிரச்சினை. இலங்கையில் தமிழ் எடிட்டிங் செய்பவர்களுக்கு வாய்த்த வரம் இது. இன்றைக்கும் இங்கே வரும் கோப்புகளில் நிறைய, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. இப்போதைய பொது முறையான யுனிக்கோடுக்கு மாற்றப் பல கருவிகள் இருக்கின்றன, இலவசம்தான். ஆனால் அப்படியே வெட்டிப் போட்டு மாற்றினால் இடையில் ஆங்கிலத்தில் கிடந்த நிறுவனப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளில்லாத தமிழெழுத்துக் குவியலாகிவிடும். தடித்த எழுத்து, அடிக்குறிப்பு, அட்டவணை எல்லாம் போய்விடும். அதை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்வதற்கு அறிக்கையின் அளவைப் பொறுத்து அரை நாளும் போகலாம், ஒரு நாளும் போகலாம். இதையெல்லாம் எடிட்டிங் விலைக்குள் புதைத்து வைக்காமல் தனி வரியாகப் போடுகிறேன். தனியாகப் போட்டால் ஒரு நன்மை: "சரி, அதை நம்மட ஒபிஸ்ல தம்பி ஒருத்தர் செய்வார்" என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் நிம்மதி.

அண்மையில் இன்னொரு வசனமும் சேர்ந்திருக்கிறது. "மிஸ், கூகுள்ல போட்டு எடுத்தாச்சு. நீங்க சும்மா ஒருக்காப் பார்த்துத் தந்தாக் காணும்." இந்த "சும்மா ஒருக்கா"வுக்குப் பயப்பட வேண்டும். இயந்திரம் தந்த தமிழ் மேலோட்டமாக வழவழவென்று ஓடும், பிழை உள்ளே படுத்திருக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடாமல் அது பிடிபடாது. இதற்கும் அதே ஆயிரம் சொல் சோதனைதான். புதிதாக மொழிபெயர்ப்பதற்கு ஆகும் நேரமே இதற்கும் ஆனால் மொழிபெயர்ப்பு விலையைச் சொல்வேன், கூகுளில் எடுத்ததை அவர்களே வைத்துக்கொள்ளலாம்.

மணித்தியால விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கைச் சொல்லவேண்டும் என்றில்லை, ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, வீட்டுச் செலவு, மின்சாரம், இணையம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய மடிகணனிக்கு மாதாமாதம் ஒதுக்கும் காசு, வருத்தம் வந்து படுத்தால் வேண்டிய கையிருப்பு எல்லாம் சேர்த்து மாதம் 120,000 ரூபா தேவை என்று வையுங்கள். இருபது நாள் வேலை. ஆனால் ஒரு நாளில் எட்டு மணித்தியாலமும் எழுத்தில் போகாது. போன், மின்னஞ்சல், பில் அனுப்புவது, அனுப்பிய பில்லுக்குப் பின்னால் அலைவது, கொட்டேசன் எழுதுவது, கண் களைத்துப் போவது. காசாகும் நேரம் நாளுக்கு நான்கு மணித்தியாலம் கிடைத்தால் புண்ணியம். மாதம் எண்பது. 120,000ஐ எண்பதால் பிரித்தால் 1,500. அதற்குக் கீழே இறங்கினால் யாரோ ஒருவருடைய புத்தகத்துக்கு நாம் காசு போடுகிறோம் என்று அர்த்தம். விரும்பிப் போடலாம், தெரியாமல் போடக்கூடாது.

இந்த 1,500ஐ வைத்து ஒரு வேலையைக் கணக்குப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு, நாற்பதாயிரம் சொல். சோதனையில் ஆயிரம் சொல்லுக்கு ஒன்றரை மணித்தியாலம். அப்படியென்றால் முதல் வாசிப்புக்கு அறுபது. முழுவதையும் இரண்டாம் முறை வாசிக்கப் பதினைந்து. எழுத்துரு மாற்றம், பேச்சுவார்த்தை எல்லாவற்றுக்கும் ஐந்து. மொத்தம் எண்பது. எதிர்பாராததுக்குப் பத்து வீதம் சேர்த்தால் எண்பத்தெட்டு. தொகை 132,000. சொல்லுக்கு மூன்று ரூபா முப்பது சதம். நான் வாடிக்கையாளருக்கு அனுப்புவது 132,000 என்ற ஒற்றைத் தொகையை மட்டும்தான். உள்கணக்கைக் காட்டினால் "இரண்டாம் வாசிப்புக்கு ஏன் பதினைஞ்சு, எட்டுக் காணாதா?" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"பிள்ளை, ஒரு இலட்சத்துக்குச் செய்ய ஏலாதா? நீங்க நம்மட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித்தானே" என்று அவர் கேட்பார். இந்த ஊரில் கேட்காமல் விடுபவர் யாரும் இல்லை, கேட்பதில் பிழையும் இல்லை. விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைப்பதுதான் என் வழி. "செய்யலாம் சேர். எழுத்துரு மாற்றுறதை உங்கட மகனைச் செய்யச் சொல்லுங்க. நான் ஒரு முறைதான் வாசிப்பன், கடைசி மெய்ப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்க." அறுபது மணித்தியாலமும் அதன் பத்து வீதமும் அறுபத்தாறு, 99,000 ரூபா. இரண்டு வழியையும் எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஒரு நாள் யோசித்துவிட்டு முழு வேலையையே கேட்பார்கள். சிலர் குறைந்ததை எடுப்பார்கள், அதுவும் நல்ல தீர்மானம்தான். காரணமே சொல்லாமல் 132ஐ 100 ஆக்கிக் கொடுத்தால் மட்டும், முதலில் சொன்ன 32 ஏமாற்று என்று அவர் நினைப்பார். நினைப்பதில் நியாயமும் இருக்கிறது.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் சொல்லையும் மணியையும் பற்றிய கணக்கு. புதியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். வேறொன்றைத்தான் அவர்கள் கேட்க மறக்கிறார்கள்: இதில் எத்தனை பேர் பேனா பிடிப்பார்கள்? என் அனுபவத்தில் ஒரு வேலை இலாபமா நட்டமா என்பதைச் சொல் எண்ணிக்கையைவிட இந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. நாற்பதாயிரம் சொல்லை ஒற்றை ஆளுக்குச் செய்துவிடலாம். நாலாயிரம் சொல்லை ஏழு பேருக்குச் செய்வதுதான் கஷ்டம்.

பாடசாலை ஆண்டு மலரை எடுங்கள். அதிபர், மலர்க் குழு ஆசிரியர்கள், பழைய மாணவர் சங்கச் செயலாளர், அவருக்கு மேல் அவர் மதிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். மெய்ப்புத் தாள் திரும்பி வரும்போது நீலத்தில் ஒருவர் திருத்தியிருப்பார், அதைச் சிவப்பில் வெட்டி இன்னொருவர் பழையபடி எழுதியிருப்பார், ஓரத்தில் பென்சிலால் மூன்றாமவர் "இரண்டும் பிழை" என்று போட்டிருப்பார். கட்டுரைகளில்கூட இவ்வளவு சிக்கல் வராது. வாழ்த்துச் செய்திகளின் வரிசையில்தான் வரும். குருக்கள் முதலா, ஆயர் முதலா, மௌலவியை எங்கே போடுவது, வலயக் கல்விப் பணிப்பாளர் எத்தனையாவது, போன வருடம் மாற்றலாகிப் போன அதிபரின் செய்தி இப்போதைய அதிபருடையதுக்கு முன்னாலா பின்னாலா. இதெல்லாம் எடிட்டர் தீர்க்கக்கூடிய விஷயமே இல்லை, ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்க எண்களும் பொருளடக்கமும் மாறும். அந்த மாற்றம் நம் மேசைக்குத்தான் வரும்.

அதனால் முதற்பேச்சிலேயே கேட்கிறேன்: கடைசி முடிவு யார் சொல்வது? திருத்தங்களை ஒன்றாக்கி அனுப்பப் போவது யார்? ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் வேண்டும். அவரைத் தவிர வேறு யார் திருத்தம் சொன்னாலும் "அவரிட்ட சொல்லுங்க சேர், அவர் அனுப்புவார்" என்று மரியாதையாகத் திருப்பிவிடலாம். விலைக்குள் இரண்டு சுற்றுத் திருத்தம். மூன்றாவது சுற்றிலிருந்து மணித்தியாலக் கணக்கு, இங்கே மட்டும் 1,500 என்பதை வெளிப்படையாக எழுதுவேன். அந்த ஒரு வரி எழுதியிருந்தால் மூன்றாவது சுற்று பெரும்பாலும் வருவதே இல்லை. குழுவுக்குள் யாரோ ஒருவர் "இனி மாத்தினாக் காசு" என்று சொல்லி மற்றவர்களை அடக்கிவிடுவார். ஒரு ஆளைச் சொல்ல முடியாது, எல்லாரும் சேர்ந்துதான் பார்ப்போம் என்று ஒரு குழு சொன்னால் மொத்தத்தில் முப்பது வீதம் கூட்டியே சொல்கிறேன். கூட்டாமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள்.

இந்தக் கேள்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும், அங்கே முகம் மட்டும் வேறு. திருகோணமலை அலுவலகம் சரி என்று சொன்ன அறிக்கையைக் கொழும்பு அலுவலகம் பார்க்கும், அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்தவர்கள் பார்ப்பார்கள். மூன்று இடத்துக்கும் மூன்று சுவை. ஒரு நிறுவனத்துக்கு நான் செய்த அறிக்கையில் கள உத்தியோகத்தர் ஆசையோடு எழுதிய மூதூர்ப் பெண்களின் கதைகளை இங்கே வைத்துக்கொண்டோம், கொழும்பில் வெட்டினார்கள், வெளிநாட்டிலிருந்து "மனிதர்களின் குரலே இல்லையே" என்று குறிப்பு வந்தது. மறுபடி எழுதினேன். ஆனால் கொட்டேசனில் "திருத்தச் சுற்று என்பது எல்லா அலுவலகங்களின் கருத்தும் ஒன்றாகச் சேர்ந்து வருவது" என்று இருந்ததால் மறுபடி எழுதியதற்கு மேலதிக பில் போட முடிந்தது, அவர்களும் பேசாமல் கட்டினார்கள். நவம்பர், டிசம்பரில் வரும் நிறுவன வேலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வருட முடிவுக்குள் காசைச் செலவழித்துக் காட்டவேண்டிய அவசரம் அவர்களுக்கு. நமக்கோ அது மழைக்காலம், கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். அவசர வேலைக்கு 25 வீதம் கூட்டிச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அரச அலுவலகங்களும் சில நிறுவனங்களும் மூன்று கொட்டேசன் எடுக்கவேண்டும். "மிஸ், உங்கட கொட்டேசனோட இன்னும் ரெண்டு பேரிட்ட வாங்கித் தாங்களன்" என்று நம்மிடமே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் செய்வதில்லை. அது அவர்களின் வேலை, பிறகு கணக்காய்வில் கேள்வி வந்தால் நம் பெயரும் சேர்ந்து அடிபடும். மற்றபடி அரச வேலையில் காசு வரும், காலம்தான் எடுக்கும். அந்தக் காலத்தையும் விலைக்குள் சேர்த்துவிட வேண்டும். இன்னொன்று, 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சேவைக் கட்டணத்தை நிறுவனம் கொடுக்கும்போது 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தரும். இது மேலதிக வரி இல்லை. வருடாந்த வரி விபரத்தைக் கொடுக்கும்போது ஏற்கெனவே கட்டியதாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பிடித்த தொகைக்கான சான்றிதழ் வேண்டும், நாம் கேட்காமல் அது பல இடங்களில் வராது. கொட்டேசனில் "வரிப் பிடித்தத்துக்கு முந்திய தொகை" என்று ஒரு வரி போட்டால் பிறகு குழப்பமில்லை.

ஹோட்டல்காரர் வேறு வகை. அங்கே முடிவெடுப்பவர் ஒற்றை ஆள், வேலை சின்னது, பேச்சு இனிமை. பிரச்சினை காலண்டரில் இருக்கிறது. நிலாவெளிக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓடும், அறைகள் நிறையும். அந்த மாதங்களில் அவர்களிடம் காசு இருக்கும், நாம் அனுப்பியதைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது. மழைக்காலத்தில் ஆறுதலாக இருந்து வரிக்கு வரி வாசிப்பார்கள், ஆனால் "சீசன் தொடங்கட்டும் மிஸ், தாறன்" என்பார்கள். ஆகவே ஹோட்டல் வேலையை ஜனவரி, பெப்ரவரியில் பேசி, பாதியை முற்பணமாக வாங்கி, மீதிக்கு ஒரு திகதி போடுகிறேன். "இணையத்தளம் வெளியானதும்" என்று ஒருபோதும் போடுவதில்லை. இணையத்தளம் செய்யும் தம்பி எப்போது முடிப்பார் என்று யாருக்குத் தெரியும்? நம் கையில் இல்லாத ஒன்றோடு நம் காசைக் கட்டி வைக்கக்கூடாது. ஹோட்டல் எழுத்தில் சொல் கணக்கும் பார்ப்பதில்லை. முகப்புக்கு அறுபது சொல் எழுத நாள் முழுக்கப் போகலாம். பக்கங்களின் பட்டியலைப் போட்டு முழு வேலைக்கும் ஒரு தொகை. அறையைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றால் போக்குவரத்து வேறு. ஒரு இரவு இலவசமாகத் தங்கலாம், அதைக் கட்டணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு சிரிப்போடு நன்றி சொல்லிவிடலாம். கட்டிலைக் கொண்டுபோய் மின்சார பில் கட்ட முடியாது.

நினைவு மலர் விஷயத்தில் மேலே சொன்ன எதையும் அப்படியே பின்பற்றுவதில்லை. சில வீடுகளில் இதைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். 31ஆம் நாள் என்றால் 31ஆம் நாள்தான், அச்சகத்துக்கு ஒரு வாரமாவது வேண்டும், ஆகவே எழுத்துக்குக் கிடைப்பது மிஞ்சினால் இரண்டு கிழமை. செத்த வீட்டில் மணிக்கணக்கு, சுற்றுக் கணக்கு பேசுவது அழகில்லை. ஒரே தொகை, முதல் நாளே சொல்வேன், அவசரக் கூலி அதற்குள் அடங்கும், பேரம் வந்தால் ஒரேயொரு முறை கொஞ்சம் இறங்குவேன். பேசுவது வீட்டு மருமகன் ஒருவரோடு. அவர்தான் பெரும்பாலும் நிதானத்தில் இருப்பார். பாதி தொடங்கும்போது, மீதி அச்சகத்துக்குப் போகுமுன். 31 முடிந்த பிறகு பில்லோடு அந்தப் படியேற யாருக்கு மனம் வரும்? நேரம் அதிகம் போவது கவிதையிலோ வாழ்க்கை வரலாற்றிலோ இல்லை, உறவுமுறைப் பட்டியலில். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், மைத்துனர்மார், அதில் பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும். ஒரு பெயர் விடுபட்டால் அது அச்சுப்பிழையாக முடியாது, தலைமுறைக் கோபமாகிவிடும். அந்தப் பட்டியலை மட்டும் தனித் தாளில் அடித்து, மருமகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

வெளிநாட்டிலிருந்து எழுத்துத் தருபவர்கள் பெருகியிருக்கிறார்கள். "தங்கச்சி, ஊர் விலை சொல்லுங்க" என்று தொடங்குவார்கள். ஊர் விலை என்று ஒன்று இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். வேலை அதே வேலை, அதற்குமேல் நேர வித்தியாசமும் நீண்ட வட்ஸ்அப் குரல் பதிவுகளும் சேரும். டொலரில்தான் சொல்கிறேன். வங்கிக் கட்டணம் அனுப்புபவருடையது என்றும் எழுதுகிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா, மே நடுப்பகுதியில் 360. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. தாள் விலை நாளுக்கு நாள் ஏறியது, காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் அச்சகத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்த பிறகு உள்ளூர்க் கொட்டேசனுக்கும் ஒரு ஆயுள் வைத்துவிட்டேன்: பதினான்கு நாள். அதற்குள் சரி சொல்லாவிட்டால் மறுபடி கேட்கவேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய செய்தியைக் காட்டி "நீங்கதானே சொன்னீங்க" என்பவர்களுக்கு அந்த வரியே பதில்.

கொட்டேசன் என்றால் கடிதத் தலைப்பும் முத்திரையும் வேண்டும் என்று நினைத்துப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நிறுவனத்துக்கு அது வேண்டும்தான். தனி ஆளுக்கு வட்ஸ்அப் போதும், எழுத்தில் இருந்தால் சரி. அதிபர் சேருக்கு அனுப்பியது இப்படி:

"வணக்கம் சேர். நாற்பதாயிரம் சொல் கொண்ட உங்கள் நூலுக்கு: மொழித் திருத்தம், எழுத்துரு மாற்றம், முழுமையான இரண்டாம் வாசிப்பு. மொத்தம் 132,000 ரூபா. முற்பணம் 50,000 கிடைத்ததும் தொடங்குவேன், ஐந்தாம் அத்தியாயம் முடிய 40,000, இறுதிக் கோப்புக்கு முன் 42,000. இரண்டு சுற்றுத் திருத்தம் இதில் அடங்கும், மூன்றாவது சுற்றிலிருந்து மணித்தியாலத்துக்கு 1,500 ரூபா. புதிய அத்தியாயம் சேர்த்தால் அதற்குத் தனிக் கணக்கு. அட்டை, பக்க வடிவமைப்பு, அச்சு இதில் இல்லை. திருத்தங்களை நீங்கள் மட்டும் அனுப்பவேண்டும். இந்த விலை பதினான்கு நாளுக்கு. சம்மதமென்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்."

எது இல்லை என்று சொல்லும் வரியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். புத்தகம் என்றால் அட்டையும் சேர்த்துத்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், அவர் கணனித் திரையில் வாசிப்பவரா தாளில் வாசிப்பவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்டில் திருத்தத் தடங்களோடு அனுப்பினால் போனில் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் சிவப்பாக் கிடக்கு பிள்ளை" என்று கவலைப்படுவார்கள். வயதானவர்களுக்கு இரண்டு பிரதி அச்செடுத்து, திருத்தியது ஒன்று, சுத்தமானது ஒன்று, கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்த அச்சுக்கூலியையும் போக்குவரத்தையும் ஐந்து மணித்தியாலத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். உங்களுக்கு அது கூட வந்தால் தனியாகப் போடுங்கள்.

கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் ஆய்வேட்டோடு வந்தால் விலை குறைவு. மொழியை மட்டும் பார்ப்பேன், வாதத்தில் கை வைப்பதில்லை, மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எழுதித் தாங்க" என்றால் இல்லை, எவ்வளவு காசென்றாலும்.

கடைசியாகக் கோயில். இந்த ஊரில் எழுதத் தெரிந்தவரைக் கும்பாபிஷேக மலர் தேடி வராமல் இருக்காது, அதற்குக் காசு கேட்க எனக்கு வாய் வராது. கேட்கவும் வேண்டாம். ஆனால் பில் போடுகிறேன். இத்தனை சொல், இத்தனை மணித்தியாலம், இவ்வளவு ரூபா, கீழே "அன்பளிப்பு" என்று முழுவதையும் கழித்து, கொடுக்கவேண்டியது பூச்சியம் என்று எழுதி, தர்மகர்த்தா சபைச் செயலாளரிடம் கொடுக்கிறேன். முதல் தடவை அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய மருமகன் ஒருவர் தன் கம்பனியின் சிங்கள, ஆங்கிலக் கையேட்டுக்குத் தமிழ் வேண்டுமென்று போன் எடுத்தார். பக்கத்துக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, சொல்லுக்கு எவ்வளவு என்று கேட்டார். நடுவிலிருந்து நாலு பக்கம் அனுப்பச் சொன்னேன்.